தண்ணி பக்கம்

அத்தான் இறந்த மறுநாள் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒரு கூட்டம் மட்டும் தனியாகத் தெரிந்தது. எல்லோருக்கும் மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது அவர்களுக்கே சங்கடமாக இருந்தது போலும். சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். அத்தானின் தூண்டில் குரூப்.

அக்கா அவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணே, அவர் வாராவாரம் எங்க போய் உக்காருவாரு?"

முதலில் நின்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி பக்கம்மா" என்றார்.

அடுத்தவரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமி, "தண்ணி பக்கந்தாம்மா" என்றார். வரிசை முழுக்க அதே பதில். கிண்டல் செய்யவில்லை. மீன் எங்கே பிடித்தாய் என்று யார் கேட்டாலும் அந்தக் குரூப்பில் இருப்பவன் அப்படித்தான் சொல்ல வேண்டும். பழக்கதோஷம், சாவு வீட்டிலும் வாயில் வந்துவிட்டது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஊராரை ஏற்றி இறக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காணாமல் போவார். கடைசியாக ஓர் ஏழுமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது என்று கூப்பிட்டார்கள். லிஃப்ட் பழுது என்பதால் படியேறித்தான் போக வேண்டியிருந்தது. பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த லிஃப்டை மறுநாள் வேறு யாரோ சரிசெய்துவிட்டார்களாம்.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மனுஷன் சந்தோஷமாக உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். படிக்கட்டைப் பார்த்துவிட்டாள். அதோடு முடிந்துபோகக் கூடாது என்றாள்.

அத்தானின் போன் அவளிடம்தான் இருந்தது. அதிலிருந்தே அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டாள்: "இவர் மீன் பிடிக்கும் இடம் எது? யாராவது சொல்லவும்." இடம் கேட்பவரை உடனே நீக்குவது குரூப்பின் முதல் விதி. நீக்கிவிட்டார்கள். செத்தவரை விதிமீறலுக்காக வெளியேற்றிய ஒரே அமைப்பு உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

"உன் அத்தானைத் தூக்கிட்டாங்கடா" என்று போனை என்னிடம் நீட்டினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

நான் அத்தானின் பழைய படங்களைப் புரட்டினேன். எல்லாம் அவரே கையை நீட்டி எடுத்தவை. ஒரு முகம், ஒரு மீன், பின்னால் நீலக் கோடு போட்ட ஒரு போர்வை. ஒரு மரம், ஒரு பாறை, ஒரு மின்கம்பம் தெரிந்தால்கூட இடத்தை மோப்பம் பிடித்துவிடுவார்களாம். அதனால் படம் எடுக்கும்போது பின்னால் திரை கட்டுவது அங்கே மரியாதை.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அடப்பாவி, இது நம்ம போர்வைடா! கொடியில இருந்து கீழ்வீட்டுக்காரி எடுத்துட்டான்னு நான் அவகிட்ட பேசியே வருஷமாச்சு."

"இப்ப பேசு."

"என்னன்னு பேசுறது? திருடுனது என் புருஷன்னா?"

போர்வை தானாக நிற்காது. படத்தைப் பெரிதாக்கினேன். மேல் மூலைகள் இரண்டிலும் விரல்கள் தெரிந்தன. யாரோ பின்னால் நின்று பிடித்திருக்கிறார். வலது கட்டைவிரலில் நகம் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. அந்த நகத்தைத் துக்க வீட்டில் டீ கிளாஸோடு பார்த்திருந்தேன்.

'வாளி' என்று பட்டப்பெயர். பஞ்சர் கடைக்காரர். போகுமிடமெல்லாம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்காருவதால் வந்த பெயர். குரூப்பின் அட்மினும் அவர்தான். அத்தானை நீக்கியவரும் அவர்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்குப் போனோம். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, உட்கார்ந்திருந்த வாளியை அவளிடம் தள்ளினார். அவள் உட்காரவில்லை.

"கூட இருந்தது நீங்கதானேண்ணே?"

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். கொஞ்சம் தாமதமாக மறைத்தார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. எடத்தைக் கண்டுபிடிச்சவன்தான் அடுத்த ஆளைக் கூட்டிட்டு வரலாம். அவர் என்னைக் கூட்டிட்டுப் போனாரு. நான் மூணாவது ஆளைக் கூட்டிட்டுப் போனா அது துரோகம்."

"அவர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டு வரவா?" என்றேன்.

"டேய், நீ சும்மா இரு" என்றாள் அக்கா. பிறகு அவரிடம், சத்தமே இல்லாமல், "நான் மூணாவது ஆளாண்ணே?" என்றாள்.

வாளி ஒரு ட்யூப்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்த ட்யூப்பில் ஓட்டையே இல்லை என்பது எனக்கே தெரிந்தது. ஒருத்தர் டயரை உருட்டிக்கொண்டு வந்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே உருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

"அவர் போனதுக்கப்புறம் நானும் அங்க போகலம்மா" என்றார் கடைசியில். "போர்வை, சாமான் எல்லாம் அங்கேயேதான் கெடக்கு. எடுக்கக் கை வரல." ஈரக் கையை லுங்கியில் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை காலைல வா. போன் வேண்டாம்."

"நான்?" என்றேன்.

"நீ யாரு?"

"மச்சான்."

"அவர் ஒரு நாள்கூட உன்னைப் பத்திச் சொன்னதில்லையே" என்றார். உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அதுதான் வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போனாள். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் சும்மா உட்கார்ந்து கடிகாரத்துக்குக் காவல் இருந்தோம். பிற்பகலில் அத்தானின் போன் சிணுங்கியது. அவரை மறுபடி குரூப்பில் சேர்த்திருந்தார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. கூடவே ஒரு படம்.

அதே நீலக் கோட்டுப் போர்வை. முன்னால் முகமும் இல்லை, மீனும் இல்லை. மடக்கு நாற்காலிகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று நைந்து நடுவில் குழிந்திருந்தது. மற்றதன் மேல் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. போர்வையின் மேல் மூலைகளில் விரல்கள் தெரிந்தன. இந்த முறை அக்காவின் விரல்கள். பின்னால் நின்று அவள் பிடித்திருந்தாள்.

கீழே ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எத்தனை கிலோ என்றுகூட.

வீடு திரும்பியவள் செருப்பில் சேறோடு அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள். அம்மா திட்டவில்லை.

"அந்தப் புது நாற்காலி யாருக்குக்கா? வாளிக்கா?"

"அவரை அதுல உக்கார விட்டதே இல்லையாம். அதான் அந்த வாளி." செருப்புச் சேற்றை விரலால் சுரண்டினாள். "ஒரு தடவை உன் அத்தான், வர்றியான்னு கேட்டாருடா. புழு நெளியற எடத்துக்கு எவ வருவான்னு சொன்னேன். அவரும் சிரிச்சாரு. அப்புறம் கேக்கவே இல்ல. அதுக்கப்புறந்தான் வாங்கியிருக்காரு."

"உக்காந்தியா?"

"உக்காந்தேன்."

"உறையைப் பிரிச்சியா?"

"இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உக்காந்தா சரசரன்னு சத்தம் போடுது. மீன் ஓடிடும்னு வாளி அண்ணன் முறைக்கிறாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பல் துலக்கிக்கொண்டு நின்றபோது அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். போர்வையைத் துவைத்து மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். மீன் வாடை போகவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா, "காலங்காத்தால எங்கடி கெளம்பிட்ட?" என்று சத்தம் போட்டாள்.

"தண்ணி பக்கம்மா."

அம்மா கரண்டியோடு வெளியே வந்து, எந்தத் தண்ணி, எந்தப் பக்கம், நீயாவது கேளேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

நான் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை.