நூற்றுக்கு மூன்று

நீலமலைப் பல்கலைக்கழகத்துக்கு அப்போது வயது ஏழு. அந்த வயதில் பிள்ளைகளுக்குப் பால்பல் விழும். பல்கலைக்கழகத்துக்குக் கூரைத் தகடு விழுந்துகொண்டிருந்தது. ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு வாடகை பங்களாவில் நாற்பது மாணவர்களோடு ஆரம்பித்தது. சில மாதத்திலேயே, குன்னூருக்கு மேலே நொடித்துப்போன ஒரு தேயிலை எஸ்டேட்டை அரசாங்கம் வாங்கிக் கொடுத்ததும் அங்கே குடிபோனது. இலை வாட்டிய மாடி நூலகமானது, இலை அரைத்த கூடம் மண்ணியல் ஆய்வகமானது. மழைக்காலத்தில் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் பழைய தேயிலை வாசம் இன்னும் மூக்கில் ஏறும்.

கட்டடம் இப்படி இருக்க, துணைவேந்தர் ஜானகிக்கு ஆசை மட்டும் உலகளவு. வந்த முதல் வாரமே தன் அறைச் சுவரில் மூன்று கடிகாரங்களை மாட்டினார். ஒன்று டோக்கியோ நேரம், ஒன்று வியன்னா நேரம், ஒன்று நம்மூர் நேரம். மூன்றில் நம்மூர்க் கடிகாரம்தான் அடிக்கடி நின்றுபோகும். கூரையேறிக் கோழி பிடிக்காதவர் வானமேறி வைகுண்டம் போகிறாராம் என்று ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

கனகமணி சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கடிகாரங்கள் பிடித்திருந்தன. பன்னாட்டு உறவுகள் பிரிவு என்று பலகை வைத்த அறையில் அவள்தான் ஒரே ஊழியர், அதுவும் ஒப்பந்தத்தில். ஒரு கணினி, ஒரு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே எப்போதாவது வந்து நின்று முறைக்கும் காட்டெருமை. இவ்வளவுதான் அந்தப் பிரிவு. உலக மலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு என்று ஒன்று ஆஸ்திரியாவில் இருந்தது. அதில் உறுப்பினராகிவிட்டால் வருஷத்துக்கு ஆறு மாணவர்கள் ஒரு பருவம் வெளிநாட்டில் போய்ப் படிக்கலாம், செலவெல்லாம் அவர்களுடையது. விண்ணப்பத்தோடு பல்கலைக்கழகத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். அதை எழுதும் வேலை கனகமணிக்கு வந்தது.

பதினொரு முறை எழுதினாள். 'மலையரசியின் மடியில்' என்று தொடங்கச் சொன்னார் துணைவேந்தர். மூன்று முறை சேர்த்தார், மூன்று முறையும் இவள் எடுத்துவிட்டாள். கடைசியில் இப்படித் தொடங்கினாள்: 'எங்கள் மாணவர்களில் பத்துக்கு ஏழு பேர் தேயிலை பறிக்கிற வீட்டுப் பிள்ளைகள். மண்ணும் மழையும் எங்களுக்குப் பாடமாவதற்கு முன்பே பழக்கமானவை.' துணைவேந்தர் இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, ராணியை விட்டுடலாம்" என்றார்.

ஆறு மாணவர்களையும் தேர்வு செய்தாயிற்று. அதில் ஒருத்தி நெல்லியாளத்து இசக்கியம்மா, மண்ணியல் இரண்டாம் ஆண்டு. அவளுடைய தாத்தா காலத்தில் குடும்பம் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டது. "எங்கப்பா சொல்றாருக்கா, நம்ம வீட்டாளுங்கள ஒரு நாடு வெளிய போன்னு அனுப்புச்சு, இன்னொரு நாடு உள்ள வான்னு கூப்புடுது, அத நான் உசுரோட பாக்குறேன்னு" என்று பாஸ்போர்ட்டைக் காட்டும்போது சொன்னாள். நல்ல காரியத்தை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பார்கள். கனகமணி ஆறு பேரிடமும் சொல்லித் தொலைத்திருந்தாள்.

மே மாதம் ஒரு புதன்கிழமை கூட்டமைப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆறு பக்கத்தையும் மிகவும் விரும்பிப் படித்தார்களாம். ஆனால் உறுப்பினராவதற்கு ஆயிரம் மாணவர்களாவது வேண்டுமாம். உங்களிடம் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு பேரே இருப்பதால் வருந்துகிறோம், மூன்று வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். எண்ணிக்கையில் பிழை இருந்தால் வெள்ளிக்கிழமை அவர்கள் ஊர் நண்பகலுக்குள், நமக்குப் பிற்பகல் மூன்றரைக்குள், பொறுப்பாளர் கையெழுத்தோடு திருத்தி அனுப்பலாம்.

மூன்று வருஷத்தில் இந்த ஆறு பேரும் படிப்பை முடித்துவிட்டு எங்கே எந்தக் கம்பெனியில் மாவரைத்துக்கொண்டிருப்பார்களோ! கனகமணி எட்டுத் துறைகளும் கொடுத்திருந்த தாள்களை எடுத்துக் கூட்டினாள். ஆயிரத்துப் பன்னிரண்டு வந்தது. மறுபடி கூட்டினாள். அதேதான். துறைத் தாள்களைத் தொகுத்து, விண்ணப்பத்தில் போன எண்ணிக்கைக்குக் கையெழுத்துப் போட்டவர் அலுவலகக் கண்காணிப்பாளர் மாரிச்சாமி. தாளைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

மாரிச்சாமி எஸ்டேட்டோடு வந்தவர். இடத்தையும் கட்டடத்தையும் வாங்கிய அரசாங்கம் அலுவலக ஆட்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அதே எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிற கணக்குப்பிள்ளை.

"ஏனுங்க சார், எட்டுத் துறையும் கூட்டுனா ஆயிரத்துப் பன்னெண்டு வருதுங்க. நீங்க தொள்ளாயிரத்து எம்பத்திரெண்டுன்னு போட்டிருக்கீங்க?"

"ஆமா அம்மிணி. கழிவு போக அவ்வளவுதான்."

"என்ன கழிவுங்க?"

"நூத்துக்கு மூணு" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக. "கொழுந்து வந்தா சாக்கு எடை இருக்குது, பனி ஈரம் இருக்குது. மழைன்னா நூத்துக்குப் பத்து, வெயில்னா மூணு கழிச்சுத்தான் எழுதோணும். அதே மாதிரி காலேஜ்ல சேந்தவன்ல நாலு பேரு பாதியில போவான், ரெண்டு பேரு கல்யாணமாகிப் போவா. நாளைக்கு ஆடிட்காரன் வந்து எண்ணுனா? கூட எழுதி மாட்டுனவன் உண்டு அம்மிணி, கொறச்சு எழுதி மாட்டுனவன் உலகத்துல உண்டா? ஏழு வருசமா இப்படித்தான் எழுதறேன். ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல."

ஏழு வருஷம்! கனகமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவளுடைய அம்மா மூக்கம்மா இதே எஸ்டேட்டில் இருபத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நிறுவை ஷெட்டில் அம்மாவுக்காகக் காத்திருக்கும்போது, தராசு ஒன்று காட்டும், இந்த மனிதரின் பேனா வேறொன்று எழுதும். அம்மா வாயைத் திறக்காமல் சாக்கை உதறிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

"எங்கம்மா கொழுந்துல கழிச்சது பத்தலீங்களா?" என்று கத்திவிட்டாள். "இப்பப் புள்ளைகளையும் கழிக்கோணுமா? இவங்க என்ன ஈரச் சாக்குங்களா?"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. மாரிச்சாமி முகம் கறுத்துப்போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

துணைவேந்தர் சென்னையில் இருந்தார், சனிக்கிழமைதான் வருவார். தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "மாணவர் பதிவேட்டுக்குப் பொறுப்பு அவர்தான். அவர் கையெழுத்து இல்லாம செல்லாது. சண்டை அப்புறம் போடலாம். உண்மையான எண்ணிக்கை எவ்வளவு, அதைச் சொல்லு. ஒண்ணு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார்.

மாரிச்சாமி லேசில் மசியவில்லை. "பேப்பர்ல இருக்கிற ஆளெல்லாம் பெஞ்சுல இருக்குதான்னு பாருங்க மொதல்ல. பாக்காம முழு எடைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னா எப்படி?"

"பாக்கலாங்க. நீங்களும் வாங்க. நிறுக்கறவரு இல்லாம எடை ஏதுங்க?"

வியாழக்கிழமை காலை இருவரும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு துறை துறையாகப் போனார்கள். அவள் பெயர் வாசிப்பாள், அவர் முகத்தைப் பார்த்து டிக் அடிப்பார். மதியத்துக்குள் ஐம்பத்தேழு பேரைக் காணவில்லை. மாரிச்சாமிக்கு உள்ளூர ஒரு திருப்திதான். "பாத்தீங்களா? நான் முப்பதுதான் கழிச்சேன்" என்றார்.

"மே மாசமுங்க. ரஷ் கொழுந்து. எங்க போயிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள் கனகமணி. மழைக்குப் பிறகு தளிர் ஒரேயடியாகத் துளிர்க்கிற அந்த இரண்டு வாரமும் மலையில் சொந்தமாக அரை ஏக்கர் வைத்திருக்கிற வீடுகளில் ஒரு கையும் சும்மா இருக்காது. அன்றைக்குப் பறிக்காவிட்டால் இலை முற்றிவிடும், முற்றிய இலையை பேக்டரி திருப்பி அனுப்பிவிடும்.

ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள், ஸ்பீக்கரில், மாரிச்சாமி காதுபடவே. ஒருத்தன் மரத்தில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்று மூச்சிரைக்கப் பேசினான். ஒருத்தியின் அம்மா போனைப் பிடுங்கி, "அவ பரீட்சைக்கு வந்துருவாங்க, பேரை மட்டும் அடிச்சுப் போடாதீங்க" என்று கெஞ்சினாள். இசக்கியம்மாவின் குரலுக்குப் பின்னால் இலை கிள்ளுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு வந்துருவேன்க்கா. ஏங்க்கா திடீர்னு? லிஸ்ட்ல எம்பேரு இருக்குல்ல?"

கனகமணி மாரிச்சாமியைப் பார்த்தாள். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு போனுக்குப் பக்கமாகக் குனிந்தார். "இருக்குது கண்ணு. இப்பத்தான் டிக் அடிச்சேன்" என்றார்.

எட்டுப் பேர் உண்மையாகவே போய்விட்டிருந்தார்கள். நாலு பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, மூன்று பேர் கல்யாணமாகி, ஒருவன் போலீசுக்கு. மற்ற எல்லோரும் இருந்தார்கள். எட்டுப் போக ஆயிரத்து நாலு.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத் திருத்திய தாள் மாரிச்சாமியின் மேசைக்கு வந்தது. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். வெளியே மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. பனி மூடினால் இணையம் எப்போது வேண்டுமானாலும் போய்விடும். கனகமணி நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தவித்தாள்.

"நாலே நாலுதான் கூட இருக்குது" என்றார். "நாளைக்கே அஞ்சு பேரு நின்னுட்டா? நான் பொய்யெழுதினவன் ஆயிர மாட்டனா? ரிடயராக ஒன்னரை வருசந்தான் அம்மிணி."

"நாளைக்கு நிக்கப்போறவங்கள இன்னிக்கே எதுக்குங்க கழிக்கறீங்க? அவங்க நிக்காமப் போனா?"

அவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்தப் பெயர்ப் பட்டியலை ஒருமுறை கடைசிவரை புரட்டினார். பிறகு போட்டார், முழுக் கையெழுத்து, கீழே தேதி. இரண்டே முக்கால் ஆகியிருந்தது.

"இருவத்தொம்பது வருசத்துல முழு எடைக்கு இதுதான் மொதக் கையெழுத்து" என்றார். கனகமணி தாளை வாங்கிக்கொண்டு ஓடினாள். அவள் அனுப்பி முடித்த பத்தாவது நிமிஷம் இணையம் போனது.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. பல்கலைக்கழகத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். எண்ணிக்கை எப்படிக் குறைந்து பிறகு கூடியது என்று இவள் ஒளிக்காமல் எழுதியிருந்த விளக்கத்தைக் கூட்டத்தில் வாசித்தார்களாம், ரொம்ப நேரம் சிரித்தார்களாம். ஆறு பேரும் செப்டம்பரில் கிளம்பலாம். துணைவேந்தர் தானே நாற்காலியில் ஏறி நம்மூர்க் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கனகமணியின் வீட்டு வாசலில் மாரிச்சாமி வந்து நின்றார், கையில் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டோடு. எஸ்டேட் காலத்தில் அவர் தொழிலாளர்கள் குடியிருக்கிற இந்த லயத்துப் பக்கம் கால் வைத்ததே கிடையாது. மூக்கம்மா பதறிப்போய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க கணக்குப்பிள்ளை, உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "உங்க கொழுந்துல மழை நாள்ல கழிச்சது சரி. சொட்டு ஈரமில்லாத வெயில் நாள்லயும் கழிச்சனுங்க. எஸ்டேட் தொரை சொன்னாருன்னு சொல்லலாம். ஆனா பேனா எங்கையிலதான இருந்துச்சு. உங்க மக கேட்டுட்டா, அதுக்கப்புறம் தூக்கம் வரலீங்க."

கனகமணிக்கு மனசு இளகிவிட்டது. அம்மா அழப்போகிறாள் என்று நினைத்து அவள் தோளைத் தொட்டாள். மூக்கம்மா அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு!

"எல்லாந் தெரியுமுங்க கணக்குப்பிள்ளை. நீங்க எப்படியும் கழிப்பீங்கன்னுதானுங்க வெயில் நாள்ல வர்ற வழியில ஓடையில சாக்கை ஒரு முக்கு முக்கித் தூக்கிட்டு வருவோம். நான் மட்டுமில்லீங்க, எங்க வரிசைல அத்தனை பேரும்."

மாரிச்சாமி நிமிர்ந்தார். வாய் பிளந்தபடியே நின்றது. "இருவத்திரெண்டு வருசத்துல பேக்டரி எடைக்கும் எங்கணக்குக்கும் ஒரு கிலோ பிசகுனதில்லீங்களே... அது என்னோட கெட்டிக்காரத்தனம்னு இருந்தேன்!"

அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி அம்மாவுக்காகக் கத்திய கனகமணி முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். பிறகு அவளுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டது.

மூக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க கழிக்கறத நிறுத்தியிருந்தா நாங்களும் முக்கறத நிறுத்தியிருப்பமுங்க. மொதல்ல ஆரு நிறுத்தறதுன்னுதான் ரெண்டு பக்கமும் இருந்துட்டோம்."

மாரிச்சாமி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் நிறுத்திட்டனுங்க" என்றார்.