ஸ்டோயன் சாரின் நாய்ப்பாட்டு

"அக்கா, அண்ணன் எங்க? போனை எடுக்க மாட்டேங்கிறாரு."

"மாடியில துணி காயப்போடுறாரு. என்ன ரஹ்மத்து?"

"ஸ்டோயன் சார் மக வந்திருக்கு. நம்ம ஹோட்டல்லதான் ரூம் போட்டிருக்கு."

"அவரு வரலியா?"

"சார் மவுத்தாயிட்டாராம் அக்கா. போன வருஷம். அந்தப் பொண்ணு பாட்டைக் கேக்கத்தான் வந்திருக்கு. அவங்க அப்பா சொல்லிட்டே இருப்பாராம், என் பாட்டு அரியலூர்ல ஒருத்தர்கிட்ட இருக்குன்னு. சாயங்காலம் ஏழு மணிக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க."

ஸ்டோயன் சார் இறந்துவிட்டார் என்றதும், போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எங்கள் வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் பஞ்சநாதன், ரஹ்மத்துல்லாவின் ஹோட்டலில் பதினெட்டு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறார். ரஹ்மத்துல்லாவுக்குச் சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. ஷார்ஜாவில் ஒரு பெரிய ஹோட்டலில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தர் பியானோ வாசிப்பாராம். அரியலூரில் சொந்த ஹோட்டல் திறந்தபோது அதே மாதிரி வேண்டும் என்று நின்றார். பியானோ கிடைக்கவில்லை. ஆசாரியை வைத்து ஒரு மரப்பெட்டி செய்து, கறுப்பு வார்னிஷ் அடித்து, என் வீட்டுக்காரருடைய கீபோர்டை உள்ளே இறக்கிவிட்டார். பார்க்கிறவர்களுக்கு அது பியானோதான். அதுவரை கல்யாணக் கச்சேரிகளில் மெல்லிசைக் குழுவோடு அலைந்துகொண்டிருந்த மனுஷர், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு பியானோக்காரர் ஆனார்.

சிமெண்ட் ஆலைகளில் மெஷின் பொருத்த வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பழைய கடல் சங்கு தேடி ஆராய்ச்சிக்காரர்கள் வருவார்கள். வாரக் கணக்கில் தங்குவார்கள். சினிமாப் பாட்டு வாசித்தால் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒருநாள் இவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் ஒரு டென்மார்க்காரரிடம், "மதர் சாங், சார். உங்க மதர் பாடுற சாங்," என்று கேட்டுவிட்டார். அந்த ஆளுக்குக் காது வரைக்கும் சிவந்து போனதாம். அப்புறம் மெதுவாக முனகினாராம்.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. சீனாக்காரரிடம் ஒன்று, கல் பார்க்க வந்த ஜப்பான் அம்மாவிடம் இரண்டு. எதையும் எழுதி வைக்க மாட்டார்.

"ஒரு நோட்டுல குறிச்சு வைங்களேன்," என்பேன்.

"கையில இருக்குடி. நோட்டு எதுக்கு?"

பல்கேரியாவிலிருந்து ஸ்டோயன் சார் வந்தது இரண்டாயிரத்து எட்டில். ரெட்டிபாளையம் பக்கம் ஒரு ஆலைக்குப் புதுச் சூளை வைக்க வந்தவர், பதினாலு மாதம் இருந்தார். முதல் நாளே தயிரை மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, தயிர் எங்கள் நாட்டில் பிறந்தது என்று சொல்லியிருக்கிறார்.

"எங்கம்மா உறை ஊத்துன தயிரு. அது அவங்க நாட்டுதாம்," என்று ரஹ்மத்துல்லா ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டோயன் சாரிடம் இவர் மதர் சாங் கேட்டபோது, வேண்டாம் என்று கையை ஆட்டினாராம். பல ஊர் ஹோட்டல்களில் பல பேரிடம் பாடிக் காட்டியாகிவிட்டதாம், ஒருத்தருக்கும் தாளம் பிடிபடவில்லையாம். கடைசியில் பாடிக்கொண்டே மேஜையில் தட்டிக் காட்டினார். இவர் கேட்டுவிட்டு, "சார், இது தகிட தகதிமி, ஏழு தட்டு. எங்க ஊர்ல சின்னப் புள்ள தட்டும்," என்று சொல்லி, அப்படியே திருப்பி வாசித்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"மலரு, எனக்கு ஒருத்தர் முத்தம் குடுத்துட்டாரு. ரெண்டு கன்னத்துலயும்."

"யாரு?"

"மீசை இம்புட்டு."

"நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு உள்ள வாங்க."

அந்தப் பாட்டில் ஒரு மகள் அம்மாவைக் கேட்கிறாள், வாசலில் நாய் ஏன் குரைக்கிறது என்று. அம்மா சொல்கிறாள், காற்றுதான், தூங்கு. மகள் மறுபடியும் கேட்கிறாள், காற்றுக்கு நாய் குரைக்குமா என்று. கடைசி அடியில் அம்மா கேட்கிறாள், மகளே, இப்போது நாய் ஏன் குரைக்கவில்லை? பதில் இல்லை. மகள் கிளம்பிப் போய்விட்டாள். ரஹ்மத்துல்லா இதைத் தமிழில் சொன்னபோது, "அடிப்பாவி," என்று நான் சொன்னேன். ஸ்டோயன் சாருக்கு அது புரிந்துவிட்டது. அப்படிச் சிரித்தார்.

ஏழு மணிக்குப் போனோம். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் ராட்கா. அப்பாவின் அதே அகலமான நெற்றி. இவர் கையை அவள் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் சொல்லச் சொல்ல ரஹ்மத்துல்லா எங்களுக்குச் சொன்னார்.

"கார்ல போறப்பல்லாம் அப்பா பாடுவாராம். வெக்கமா இருக்கும்னு இது காதுல ஹெட்போனை மாட்டிக்குமாம். கத்துக்கவே இல்லியாம். இப்ப ஊர்ல வருஷ நினைவு நாள் வருதாம். கோதுமை வேகவச்சு சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுப்பாங்களாம். அன்னைக்கு அந்தப் பாட்டைப் போடணுமாம். யாருக்கும் தெரியலியாம் அண்ணே. உங்ககிட்டத்தான் இருக்கு."

இவர் உட்கார்ந்தார். வழக்கம்போல ரிதம் பட்டனை அமுக்கினார். வாசித்தார். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. குழந்தைகள் இரண்டும் கையைத் தட்ட ஆரம்பித்தன. இந்த ஹோட்டலில் கேக் வெட்டும்போதெல்லாம் இந்தப் பாட்டுதான். டவுன் பிள்ளைகளுக்கு அது நாய்ப்பாட்டு.

ராட்கா போனில் பதிவு செய்துகொண்டே அழுதாள். நானும் அழுதேன். ரஹ்மத்துல்லா டிஷ்யூ பேப்பரை எடுத்து என்னிடம் ஒன்று, அவளிடம் ஒன்று கொடுத்துவிட்டு, தானும் மூக்கைச் சிந்திக்கொண்டார். இவர் மட்டும் கீபோர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன்.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"நான் குடுத்தது அவரு பாட்டு இல்ல மலரு."

"அதேதானே வாசிச்சீங்க?"

"அது ஏழு. நான் வாசிச்சது எட்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். கேக் வெட்டும்போது சனங்கள் கை தட்டுவார்கள். ஏழுக்கு அவர்கள் கை நிற்காது, ஒரு தட்டு மிச்சமாகும். கீபோர்டு ரிதமும் நாலு நாலாகத்தான் தட்டும். அதற்காக ஒவ்வொரு அடியிலும் ஒரு தட்டு இழுத்து எட்டாக்கினார். மூன்றாவது அடியிலிருந்து கடைசி வரை சோகமாக இறங்கும்; கேக் வெட்டுகிற இடத்தில் எதற்கு என்று அதை மேலே தூக்கிவிட்டார். ஒரு நாளில் செய்ததில்லை. பதினைந்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக.

"அந்தப் பொண்ணு சந்தோஷமாத்தான் இருக்கு. வுடுங்க," என்றேன்.

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுதே."

"சொன்னா அழும்."

"இப்பவும்தான் அழுதுச்சு. தப்பான பாட்டுக்கு அழுதுச்சு."

"வேற யாருக்கும் தெரியாதுங்கிறா. தெரியாத எடத்துல நீங்க குடுத்ததுதான் பாட்டு."

"நீ பேசுறது நல்லாவா இருக்கு?"

 நான் சொன்னது தப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு தூரம் வந்தவளைச் சந்தோஷமாக அனுப்பினால் என்ன என்றுதான் இருந்தது.

விடிந்ததும் பழைய ஆர்மோனியத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பகல் ரயிலில் ராட்கா சென்னை போகிறாள். அதற்குள் அந்த ஏழு தட்டைப் பிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தவருக்கு, வரவே இல்லை. கை எட்டுக்கே போனது. நிறுத்துவார், தொடையில் தட்டுவார், ஆரம்பிப்பார், எட்டில் போய் விழுவார். தன் கையையே ஒரு தரம் அடித்துக்கொண்டார்.

நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ்டோயன் சார் எங்கள் வீட்டில் சாப்பிட்ட அன்று, என் தங்கை மகள் அழுதுகொண்டிருந்தாள். அவர் அவளைத் தொடையில் போட்டு ஆட்டிக்கொண்டே இந்தப் பாட்டைத்தான் பாடினார். அவர் தொடை ஆடிய விதம் கண் முன்னால் வந்தது. கீரையை உருவிக்கொண்டே முனகினேன்.

"நிறுத்தாத," என்றார்.

"என்னத்த?"

"பாடிக்கிட்டு இருந்தியே, அதை. நிறுத்தாத மலரு."

"சும்மா முனகுனேன். எனக்கு என்ன தெரியும்?"

"பாடுடி."

நினைத்துப் பாடினால் வரவில்லை. கீரையைக் கையில் எடுத்தால் வந்தது. முதல் அடி, மகள் கேட்பது. இரண்டாவது அடி, அம்மா சொல்வது. அவர் ஆர்மோனியத்தில் என் பின்னாலேயே வந்தார். ஏழு. சரியாக ஏழு. நாலு தரம், ஐந்து தரம் பாடினேன்.

"மூணாவது?"

பாடினேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது என்னுது. ஹோட்டல்ல கேட்டு கேட்டு உனக்கும் இதான் வருது."

"அப்ப அவரோடது?"

"போச்சு. என்கிட்டயும் இல்ல. உன்கிட்டயும் இல்ல."

ஹோட்டலுக்குப் போனோம். தரை கழுவுவதற்காக நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்திருந்தார்கள். ராட்கா பெட்டியோடு இறங்கி வந்தாள். இவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நேராகவே சொன்னார். "மேடம், நேத்து சாங், நாட் ஃபாதர் சாங். மை சாங். ஐ சேஞ்ச்டு." மீதியை ரஹ்மத்துல்லா சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்கு முன்னால் ஒரு தரம் தமிழில் கெஞ்சிப் பார்த்தார்.

"அண்ணே, வேணாமே. ரயிலுக்குப் போற நேரத்துல."

"சொல்லு ரஹ்மத்து."

சொன்னார். அவள் முகம் இறுகிப் போனது. ஏதோ கேட்டாள்.

"ஏன் மாத்துனீங்கன்னு கேக்குது."

"புள்ளைங்க கை தட்டணும்னுதாம்மா," என்றார் இவர் தமிழிலேயே. ரஹ்மத்துல்லா அதை மொழிபெயர்க்கவில்லை. அவளே புரிந்துகொண்டாள் போலிருந்தது. கோபம்தான். பெட்டியின் பிடியை விடவே இல்லை.

இவர் போய் உட்கார்ந்தார். ரிதம் பட்டன் பக்கம் போகவில்லை. என்னைப் பார்த்தார்.  அறுபத்து மூன்று வயதில் ஒரு ஹோட்டல் கூடத்தில் நின்று பாட வேண்டுமா என்று இருந்தது. கையில் கீரையும் இல்லை. முந்தானையை உருவிக்கொண்டே முனகினேன். வார்த்தை தெரியாது, ராகம் மட்டும்தான். அவர் பிடித்துக்கொண்டார்.

முதல் அடி முடியும்முன் ராட்காவின் கால் அசைந்தது. பெட்டியை விட்டாள். இரண்டாவது அடியில் கையைத் தட்டினாள். அவள் தட்டு ஏழில் அப்படியே உட்கார்ந்தது. தகிட தகதிமி. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது அடி முடிந்தது. இவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்புறம்னு கேக்குது அண்ணே."

"இல்லன்னு சொல்லு."

"அந்த இடத்துல உங்களோடதைப் போட்டு முடிச்சுத் தரச் சொல்லுது. பாதியா எப்படிப் போடுறதுன்னு கேக்குது."

"அது வேற பாட்டு. அதைச் சேத்தா இதுவும் கெட்டுடும். இம்புட்டுத்தான் இருக்குன்னு சொல்லு. மன்னிச்சுக்கச் சொல்லு."

 அவள் போனை எடுத்தாள். இரண்டு அடியையும் மறுபடி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தாள். முந்தின நாள் பதிவை அழித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. போகும்போது இவருக்குக் கை கொடுத்தாள். முத்தம் எதுவும் கொடுக்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் விட்டுவிட்டு வரும்போது ரஹ்மத்துல்லா முணுமுணுத்தார். "நல்லபடியா போயிருக்கும். ரெண்டு பேரும் சேந்து கெடுத்துட்டீங்க."  அந்த வாரம் முழுக்க இவர் யாரிடமும் மதர் சாங் கேட்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் ரஹ்மத்துல்லா வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பை உதறிக்கொண்டே போனை நீட்டினார்.

"வாய்ஸ் மெசேஜ். அந்தப் பொண்ணு நினைவு நாள் அன்னைக்குப் பதிஞ்சு அனுப்பியிருக்கு. கேளுங்க."

முதலில் இவர் வாசித்த இரண்டு அடி. என் முனகல். அது நின்றது. ஒரே அமைதி. தட்டும் கரண்டியும் உரசுகிற சத்தம். பிறகு ஒரு கிழவர் குரல் மூன்றாவது அடியை எடுத்தது. பாதியில் ஒரு பொம்பளை அவரை மறித்தாள். இல்லை என்கிறாள் போல, வேறு மாதிரி பாடினாள். இன்னொருத்தர் சிரித்துக்கொண்டே வேறு ஒன்று. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சண்டைதான். மொழி தெரியாவிட்டாலும் சண்டை தெரியும்.

"யாருக்கும் தெரியாதுன்னாளே?" என்றேன்.

"அப்படித்தான் அதுவும் நினைச்சுச்சாம். பாட்டு பாதியில நின்னதும் ஆளாளுக்கு வாயைத் திறந்துட்டாங்களாம். ஒருத்தர் பாடுறதை ஒருத்தர் ஒத்துக்கலியாம். சாயங்காலம் வரைக்கும் பாடியிருக்காங்க," என்றார் ரஹ்மத்துல்லா.

இவர் போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார். இன்னொரு தரம். அவர் விரல் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருந்தது.

"இதுல எதுங்க சரி?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும். ஆளுக்கு ஒண்ணா பாடுறாங்க." கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஆனா கேளேன் மலரு. ஒருத்தரும் எட்டுல பாடல."