சொரிமுத்துவைக் கூப்பிட்ட பட்டாளம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் மழை ஓய்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நூறு வருஷத்துக்கு முந்தைய பட்டாளம் ஒன்று மாட்டுங்கா பூங்காவுக்கு அணிவகுப்புக்கு வந்தது. சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் புல்தரையில் வரிசை கட்டினார்கள். பார்வையிட வந்த வெள்ளைக்காரத் தளபதி குதிரைமேல் காத்திருந்தார். மறு ஞாயிறும் வந்தார்கள். இளநீர்க்காரர் குதிரைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வண்டியைத் தள்ளி நிறுத்தினார். காலையில் நடக்க வரும் ஆபீஸ்காரர்கள் பாதையை மாற்றிக்கொண்டார்கள். பம்பாயில் இடம் பிடித்து உட்கார்ந்தவரை யார் எழுப்புவது? ஆனால் அணிவகுப்பு மட்டும் ஒருநாளும் நடக்கவில்லை. ஹவில்தார் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வருவார், மூன்றாம் வரிசையில் காலியாயிருந்த ஓர் இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார். "சொரிமுத்து!" வெயில் ஏறும்வரை கூப்பிட்டுவிட்டுக் கலைந்துபோவார்கள்.

பூங்கா வாசலில் இட்லி விற்ற செண்பகவல்லி ஒவ்வொரு தடவையும் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அது அவள் புருஷன் பெயர். வடாலாவில் லேத் பட்டறையில் வேலை பார்த்த அவன், லீவு நாளில் தாராவியிலிருந்து இட்லிக் குண்டானைச் சுமந்துவருவான். பேரனுக்குத் தாத்தா பெயர் என்று அந்தப் பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையாக அவனிடம் இறங்கியிருந்தது. முதல் சொரிமுத்து, அணிவகுப்பு நாளில் துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் பட்டாளத்திலிருந்து ஓடிவந்தவர். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கதை அது.

"நீங்க வராண்டாம், நானே தூக்கிட்டுப் போறேன்" என்று கெஞ்சினாள்.

"அவன் வேற ஆளைத்தாம்ட்டி கூப்பிடுதான்" என்று சிரித்தான். "ஆனா கேக்கையில நாக்கு துறுதுறுங்கு."

வருஷங்கள் போயின. சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. தூக்கத்தில் கால்கள் இடது வலது போட்டன. அவள் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டே படுத்தாள். எல்லையில் சண்டை வந்து, குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரே விளக்கணைத்துக் கிடந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் குண்டானை இறக்கிவைத்துவிட்டு, "ஹாஜிர்!" என்று ஹவில்தாருக்கு ஆஜர் சொன்னான். வரிசையை நோக்கி நடக்க நடக்க அவன் சட்டையில் சிவப்பு ஏறியது. முதல்முறையாகத் தளபதியின் குதிரை அசைந்தது. பார்வையிட்டு முடித்தால் பட்டாளம் போய்விடும், அவனும் கூடவே போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இங்கேருங்க!" என்று அலறினாள். மொத்தப் பட்டாளமும் திரும்பியது. அத்தனை பேரும் தெற்கத்தி ஆட்கள், அத்தனை பேரையும் வீட்டில் ஒருத்தி அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஒரே கோட்டு, ஒரே மீசை. தன் ஆள் எவன் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் புருஷன் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. ரேஷன் ஆபீஸில்கூடப் பக்கத்துவீட்டு லூசியம்மாளைத்தான் சொல்லவைத்தாள். குதிரை முதல் வரிசையைத் தாண்டியது.

"சொரிமுத்து! வீட்டுக்கு வாய்யா!"

ஒருவன் மட்டும் வரிசையை விட்டு வந்தான். வர வர சிவப்பு வடிந்து பழைய சட்டை தெரிந்தது. மூன்றாம் வரிசையில் மறுபடி இடம் காலியானது, குதிரை நின்றுவிட்டது. மற்றவர்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹவில்தார் கூப்பிட்டதில் அந்த ஒரு பெயரைத் தவிர வேறெதுவும் அவள் காதில் ஏறியதில்லை.

தாராவியில் பட்டாளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாமே என்றுதான் சந்துமுழுக்கப் பேச்சு. பட்டாளம் வந்துகொண்டுதான் இருந்தது. ஞாயிறுதோறும் ஹவில்தார் வாய் திறக்குமுன் செண்பகவல்லி கூப்பிட்டுவிடுவாள். "இங்கதாம்ட்டி இருக்கேன்" என்பான் பக்கத்திலேயே நின்றபடி. அவளுக்கு அது போதாது, இன்னொரு தடவை கூப்பிடுவாள்.