அப்பாவுக்குப் பக்கத்துக் கல்

"இங்கிலீஷ் எழுத்துதானுங்களே டீச்சர், நீங்க படிச்சுச் சொல்லீருங்க" என்றார் எங்கள் பங்குப் பேரவைச் செயலாளர் மோசஸ். குன்னூரில் ஆங்கிலப் பாடம் நடத்திய பாவத்துக்கு, பழைய கல்லறைக் கற்களில் இருந்த லத்தீனும் என் தலையில் விடிந்தது. ஃபாதரிடம் முறையிட்டால், "நான் செமினரியில அதை ஒழுங்காப் படிக்கவே இல்ல டீச்சர்" என்று சிரித்தே கழன்றுகொண்டார். கோவில் நடத்துகிறவருக்கே தெரியாதது எனக்குத் தெரிய வேண்டுமாம்!

கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்துபோனதால் வந்த வினை இது. வெள்ளைக்காரர் காலத்துக் கல்லில் பெயர் தெரிந்தால் விட்டுவிடுவது, தெரியாவிட்டால் கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பக்கத்துக் கல்லறைக் குடும்பத்துக்குக் கொடுப்பது என்று பேரவை முடிவு செய்திருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் கீழே பஸ் ரோட்டை ஒட்டிய புது இடம்.

அந்தக் கற்களில் ஒன்று என் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பாவின் குழியில் அவருடைய அம்மாவும் அண்ணனும் முன்பே இருக்கிறார்கள், அதற்குக் கீழே பாறை. என் அம்மாவுக்கோ இதயம் ஓய்ந்துகொண்டு வந்தது. டாக்டர் கைவிரித்துவிட்டார். அம்மா அதை மறைக்கவும் இல்லை, அழவும் இல்லை. தினமும் டீ குடித்துக்கொண்டே என்னை நச்சரித்தாள்.

"ஜோவிதா, அந்தக் கல்லுல ஒண்ணும் தெரியலைன்னு எழுதிக் குடுத்துரு கண்ணு. நான் உங்கப்பன் பக்கத்துலதான் படுப்பேன்."

"தெரியாட்டித்தானேம்மா அப்படி எழுத முடியும்?"

"அதுதான் மொட்டைக் கல்லாச்சே. அப்பறம் எதுக்குப் போய் நோண்டறே?"

நோண்டாமல் எப்படி இருப்பது? சாய்வெயில் விழுந்தால் தேய்ந்த எழுத்து தெரியும் என்று யாரோ சொன்னார்கள். நான் போகிற நேரமெல்லாம் மலை முழுக்க மூடுபனி. வெயில் வந்த ஒரே நாளில் காட்டெருமை ஒன்று கல்லறைகளுக்கு நடுவே நின்று என்னையே முறைத்தது. மைதா மாவைத் தடவிப் பார்த்தேன், எறும்பு வந்தது. போனில் படம் எடுத்து மொழிபெயர்க்கச் சொன்னால், 'ஹிக் ஜாசெட்' என்ற லத்தீனை 'இந்த ஜாக்கெட்' என்றது. 'இங்கே உறங்குகிறார்' என்பதுதான் அது என்று புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. எரிச்சலில் போனை எருமை மேல் எறியத் தோன்றியது.

மற்ற கற்களையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாக அப்பாவுக்குப் பக்கத்துக் கல்லுக்கு வந்தேன். வெள்ளைவெளேரென்று வழுவழுவென்றிருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. நிம்மதியாக இருந்தது. 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு எழுந்தபோது அதன் ஓரத்தில் செருப்பு இடித்தது. தோசை அளவுக்கு ஒரு பொருக்கு பெயர்ந்து விழுந்தது. கல் இல்லை, சுண்ணாம்பு. அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு.

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்பாவுக்கு வெள்ளையடித்துவிட்டு, மிச்சச் சுண்ணாம்பை அம்மா இதற்கும் அடித்துவிடுவாள். "பாவம், இவனுக்கு யாரு இருக்கா?" என்பாள். கல் தேயவில்லை. அம்மாதான் வருடா வருடம் எழுத்தை மூடி, மழையும் பாசியும் அண்டாமல் காத்து வைத்திருக்கிறாள்.

மாவு தடவக் கொண்டுவந்திருந்த மரக்கரண்டியால் தட்டித் தட்டி உரித்தேன். ஒவ்வொரு எழுத்தும் நேற்றுச் செதுக்கியது போலிருந்தது. அவ்வளவு எழுத்துகளுக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்கு அழுகையாக வந்தது. ஏன் இதைத் தொட்டேன் என்று என் மேலேயே ஆத்திரம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் விரல்களைப் பார்த்தாள். நகமெல்லாம் வெள்ளை.

"தெரிஞ்சிருச்சா?"

"ம்."

"பேரு என்ன?"

"அலோய்சியுஸ்."

"வயசு?"

"இருபத்துநாலு."

"பொண்டாட்டி புள்ள?"

"இல்ல போல. அவங்கம்மாதான் கல்லு வெச்சிருக்காங்க."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, இது நமக்கு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். காலையில போய் மறுபடி சுண்ணாம்பைப் பூசிடறேன். தெரியலைன்னு எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்."

நோயாளி எழுந்து உட்கார்ந்த வேகத்தில் நான் பயந்துவிட்டேன்.

"இத்தன வருசமா என்ர கையால குளிப்பாட்டினாப்புல வெள்ளையடிச்ச பையன்டி அவன்! அவனத் தோண்டிப் போட்டுட்டு என்னய அங்க படுக்கச் சொல்றயா? அவங்கம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? எனக்குக் கீழ ரோட்டோரத்துலயே எடம் பாரு, போ!"

"அப்பா பக்கத்துல வேணும்னு நீதானேம்மா..."

"வேணும்னுதான் இருக்குது. இப்பவும் வேணும்னுதான் இருக்குது. அதுக்கென்ன பண்றது?"

கத்திவிட்டு மூச்சு வாங்கினாள். நான் முதுகைத் தடவிவிட்டேன். கையைத் தட்டிவிட்டாள். நான் மறுபடியும் தடவினேன்.

மறுநாள் மோசஸிடம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, கீழே ரோட்டோரத்தில் ஓர் இடம் கேட்டேன்.

"அப்பா பக்கத்துலயே கெடைக்கறதா இருந்துச்சுங்களே டீச்சர்?" என்றார்.

"அங்க ஆள் இருக்குங்க" என்றேன்.