கை தாங்கும் சூடு

விடிவதற்குள் முதல் ஈடு ரொட்டி வெளியே வந்தாக வேண்டும். பபேடான் பேட்டையில் கடை இருந்த சந்து முழுக்க இருட்டு. மின்சாரம் எப்போது வரும் என்று கேட்பதையே ஜனங்கள் விட்டுவிட்டார்கள். தனசேகரனின் ரொட்டிக் கடையில் மின்சார அடுப்பு மூலையில் துணி போர்த்திக்கொண்டு நிற்க, பழைய விறகடுப்பு வாய் சிவந்து கிடந்தது. அடுப்பு மேஸ்திரி பிரான்சிஸ் நீளத் துடுப்பை உள்ளே விட்டுத் தட்டுகளை இழுத்தார். கமலாட்சி கையில் கோணியைச் சுற்றிக்கொண்டு அவற்றை வாங்கி அடுக்கினாள். முகத்தில் பூசியிருந்த தனாக்கா மரப்பட்டைச் சாந்து வேர்வையில் கோடு கோடாக வழிந்தது. தவ்ஹீத் பின்கட்டிலிருந்து விறகு சுமந்து வந்தான். மழையில் ஊறிய விறகு. மலிவு என்று முதலாளி வாங்கிப் போட்டது. அது எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். புகைபோக்கி முழுக்கத் தார் மாதிரி கரி அப்பிக் கிடந்ததால், புகை மேலே போகாமல் கடைக்குள்ளேயே திரும்பி வந்தது.

"கடையா, சுடுகாடா இது?" தனசேகரன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். "பிரான்சிஸ், புகைபோக்கிய இப்பவே சுரண்டி விடு. அடுத்த ஈடு ஏத்தணும்."

"அடுப்பு ஆறலையே முதலாளி. ஞாயித்துக்கிழமை அணைச்சுட்டா, திங்கக் காலையில..."

"ஞாயித்துக்கிழமை கல்யாண ஆர்டர். அடுப்ப அணைச்சுட்டு உன் மூஞ்சியவா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்ற?"

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புகைபோக்கியின் அடியில், சுவரோடு ஓர் இரும்புக் கதவு. ஆள் உள்ளே நுழையுமுன் மேஸ்திரி அதில் உள்ளங்கையைப் பதித்துப் பத்து எண்ண வேண்டும். கை தாங்கினால் 'ஏறு' என்பார். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. மேஸ்திரியின் கையை நம்பித்தான் அந்தக் கடையில் இத்தனை நாளும் ஆட்கள் அந்த இருட்டுக்குள் தலையை விட்டார்கள்.

பிரான்சிஸ் கை வைத்தார். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். முதலாளி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏறு" என்றார் பிரான்சிஸ்.

தவ்ஹீத் ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏணியோடு உள்ளே போனான். சுரண்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு இருமல். பிறகு மேலே எங்கோ ஒட்டியிருந்த கரிக்கட்டி கங்காய்ப் பிய்ந்து விழுந்தது. அவன் அலறிய அலறலில் கமலாட்சி தட்டைக் கீழே போட்டுவிட்டாள். காலைப் பிடித்து இழுத்தபோது அவனுக்கு நினைவில்லை. கழுத்தும் தோளும் வெந்திருந்தன. தனசேகரன் முதலில் குனிந்து பார்த்தது கீழே சிதறிய ரொட்டியை. ரொட்டி கருகினால் பதறுகிற மனுஷன், ஆள் கருகியபோது நிதானமாகத்தான் இருந்தார்.

"ஏணிய சரியா வைக்கல. அடுப்பு ஆறித்தான் இருந்துச்சு. அவன் வீட்டுல அப்படியே சொல்லிடு, என்ன?"

பிரான்சிஸ் தலையாட்டினார். கமலாட்சி அவரைப் பார்த்தாள். அவர் உள்ளங்கையை லுங்கியில் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டார்.

மத்தியானம் பிரான்சிஸ் ஊரைச் சுற்றும் வட்ட ரயிலேறி இன்சீனில் தவ்ஹீத் வீட்டுக்குப் போனார். வழி முழுக்க வலது கையை மடியிலேயே வைத்திருந்தார். தவ்ஹீத் ஆஸ்பத்திரிக் கட்டோடு பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவன் மனைவி ஸமீரா ஈரத்துணியால் அவன் காதுமடலில் அப்பிய கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் அவருக்குச் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"ஏணி வழுக்கிடுச்சும்மா" என்றார் பிரான்சிஸ். "அடுப்பு ஆறித்தான்..."

"ஆமா ஸமீரா" தவ்ஹீத் இருமலுக்கு நடுவே முனகினான். "அண்ணன் கை வச்சுப் பாத்துட்டுத்தான் சொன்னாரு. அவரு கை தப்பாச் சொல்லாது. நான்தான் எதையோ கோட்டை விட்டுட்டேன்."

பிரான்சிஸுக்கு உடம்பு கூசியது. வெந்து கிடக்கிறவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். நல்ல உடம்போடு உட்கார்ந்திருக்கிறவன் அவன் வீட்டுச் சாயாவுக்குக் கை நீட்டுகிறான். இதைவிட அவன் காறித் துப்பியிருக்கலாம்.

"கை சுட்டுச்சு தவ்ஹீத்" என்றார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அது இன்னும் சிவந்திருந்தது. "தெரிஞ்சேதான் ஏத்தினேன். முதலாளி பக்கத்துல நின்னாரு. பயந்துட்டேன்."

தவ்ஹீத் கண்ணை மூடிக்கொண்டான். ஸமீரா சாயா கிளாசை எடுக்கவுமில்லை, குடிக்கச் சொல்லவுமில்லை.

"நாளைக்கு யார ஏத்துவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடியலில் தனசேகரன் ஒரு புது ஆளோடு வந்தார். "இவன் மாஹிர். மிச்சத்தை இவன் சுரண்டிடுவான்." மாஹிர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். இரவெல்லாம் தணல் கிடந்த அடுப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

பிரான்சிஸ் துடுப்பை எடுத்தார். ரொட்டி போடவில்லை. தணலை வாரி வாரிப் பின்கட்டில் கொட்டினார். மழையில் அது சீறி அணைந்தது.

"பைத்தியமா உனக்கு? ஆறு மணிக்கு ரொட்டி எடுக்க வண்டி வந்துடும்!"

"அடுப்பு ஆறட்டும் முதலாளி. நானே ஏறுறேன். அடுப்பு ஆறாததாலதான் தவ்ஹீத் வெந்தான். அதை நீங்க உங்க வாயால சொல்லணும், வைத்தியச் செலவையும் ஏத்துக்கணும். அதுவரைக்கும் இங்க தீ எரியாது."

"வெளிய எத்தனை பேரு வேலைக்கு நாய் மாதிரி அலையுறானுங்க தெரியுமா? உன்னை விட்டா ஆள் இல்லையா? டேய் மாஹிர், ஏறு!"

மாஹிர் பிரான்சிஸைப் பார்த்தான். "ஏறலாமாண்ணே?"

பிரான்சிஸ் கதவில் கை வைக்கப் போனார். கமலாட்சி குறுக்கே வந்தாள்.

"உங்க கை வேணாம் பிரான்சிஸண்ணே. நேத்து அது சொன்னதை நானும் பாத்தேன். பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இனிமே ஒரு கை போதாது. எல்லார் கையும் தாங்கணும்."

அவளே முதலில் உள்ளங்கையைப் பதித்தாள். இரண்டுக்குள் இழுத்துக்கொண்டாள். மேசையில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஆட்கள் மாவுக் கையோடு எழுந்து வந்து ஒவ்வொருவராகத் தொட்டார்கள். கடைசியில் மாஹிரும் தொட்டான். கையை உதறிக்கொண்டு மடித்த லுங்கியை இறக்கிவிட்டான்.

"நீங்களும் வைங்க முதலாளி" என்றாள் கமலாட்சி. "நீங்க பத்து எண்ணிட்டா நானே ஏறுறேன்."

தனசேகரன் இரும்புக் கதவைப் பார்த்தார். அதன்மேல் அப்பியிருந்த மாவுக் கைத்தடங்களைப் பார்த்தார். "ஒருத்தனுக்கும் நாளைக்கு வேலை கிடையாது" என்று கத்திவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

வெளியே வெளுத்துக்கொண்டு வந்தது. வண்டி வந்து ஒலியெழுப்பிவிட்டு வெறுமனே போயிற்று. எல்லாரும் அடுப்பின் முன் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரான்சிஸ் தலை குனிந்து ஓரமாக இருந்தார். கமலாட்சி நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டு, "இங்க வாங்க" என்றாள். அவர் போய் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மாஹிர் எழுந்துபோய்க் கதவைத் தொட்டுப் பார்த்தான்.

"ஐஞ்சு வரைக்கும் தாங்குது" என்றான்.

"உக்காரு" என்றாள் கமலாட்சி. "இன்னும் ஆறட்டும்."