லென்ஸைச் சுத்தின சேலை

நான் மணிவண்ணன். உடையார்பாளையத்துல கல்யாண போட்டோகிராபர். சிங்கப்பூர்ல நம்மூர்க்காரர் வூட்டுக் கல்யாணம், படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தாங்க. எனக்கு முதல் விமானம். கூட வந்தவ என் பொண்டாட்டி வெற்றிச்செல்வி. பதினோரு வருஷமா எனக்கு லைட் புடிக்கிறது அவதான்.

ஏர்போர்ட்ல கேமரா பையைத் தூக்கிப் போட்டுடுவாங்களோன்னு எனக்கு ஒரு வாரமா தூக்கமில்ல. "லென்ஸுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாம தொலைஞ்சோம்டி"ன்னு புலம்பிக்கிட்டே கெடந்தேன். அவ தன் பழைய சேலையைக் கிழிச்சு ஒவ்வொரு லென்ஸையும் பச்சப்புள்ளையைச் சுத்துற மாதிரி சுத்தினா. ஈரம் புடிச்சு பூஞ்சை வரக் கூடாதுன்னு பச்சரிசிப் பொட்டலம் வைக்கச் சொன்னது நான்தான். பீரோவுலயும் அப்படித்தான் வச்சிருக்கேன். கேமராவுக்குக் குங்குமம் வச்சதும் நான்தான். அரியலூர் பஸ்ல ஏறினதுலேர்ந்து அந்தப் பையை அவ மடியை விட்டு எறக்கல.

திருச்சியில செக்கிங். மெஷினுக்குள்ள போன பையை ஓரமா எடுத்து வச்சுட்டு, தொறக்கச் சொன்னாங்க. அதிகாரி பொட்டலத்தைத் தூக்கினாரு. அது பிரிஞ்சு அரிசி பூரா தட்டுலயும் தரையிலயும் கொட்டிடுச்சு. எனக்குப் பின்னால சக்கரம் வச்ச பெட்டியோட மெட்ராஸ் கேமராக்காரங்க நாலு பேரு. ஒருத்தன் சிரிச்சான். "அண்ணே, கல்யாணத்துல பந்தியும் உங்க பொறுப்புதானா?"

என் மூஞ்சி எரிஞ்சுது. அதிகாரி கேட்டாரு: "யாருங்க இதைப் பேக் பண்ணது?"

"நான் இல்லீங்க சார். லைட் புடிக்கக் கூட்டிட்டு வந்த பொம்பள. பட்டிக்காடு, ஒண்ணும் தெரியாது."

சீ! நானெல்லாம் ஒரு மனுசனா? திரும்பிப் பாத்தா, பெண்கள் சோதனையை முடிச்சுட்டு பக்கத்துலயே நிக்குறா. கேட்டுட்டா. குனிஞ்சு தரையில கெடந்த அரிசியைப் பொறுக்க ஆரம்பிச்சா.

அதிகாரி லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "நல்லாத்தானே சுத்தியிருக்காங்க. கீழ விழுந்தாக்கூட ஒண்ணும் ஆகாது. எடுத்துக்கங்க"ன்னாரு. எனக்குத் தலை நிமிரல.

விமானத்துல அவளுக்கு முன்னால சீட்டு, எனக்கு அதுக்குப் பின்னால. நான் எட்டி எட்டி அவளையே பாக்குறதைக் கவனிச்சுட்டு, பணிப்பெண் அவகிட்டப் போயி கேட்டுச்சு. "உங்க வீட்டுக்காரருங்களா? பக்கத்துல சீட்டு மாத்தித் தரட்டுமா?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவ சொல்லிட்டா.

"இல்லம்மா. நான் அவருக்கு லைட் புடிக்க வந்தவ."