ஃப்ரிட்ஜ் எந்தப் பக்கம்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. "மாண்ட்ரியலா, டொராண்டோவா: குடியிருக்க எது சிறந்தது?" என்று ஓர் இணையதளத்துக்காரர்கள் எழுதிக் கேட்டார்கள். வாடகை, பனி, வேலை, ரயில், சாப்பாடு என்று பத்துத் தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை. கடைசியில் வெற்றி பெற்ற ஊர். நான் மாண்ட்ரியலில் படிப்பைப் பாதியில் விட்டவன். ஒரு ரொட்டிக்கூடத்தில் இரவு வேலை பார்த்து அதையும் விட்டவன். டொராண்டோவிலும் நாலு வருடம் இருந்திருக்கிறேன். அவர்களுக்கு அந்தத் தகுதி போதும் போலிருக்கிறது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "கலையும் காபியும் கமழும் மாண்ட்ரியலுக்கும், கண்ணாடிக் கோபுரங்கள் விண்ணை முட்டும் டொராண்டோவுக்கும் இடையே"

அவ்வளவுதான். அந்த வரிக்குள் யாரும் குடியிருக்க முடியாது.

அடுத்த முயற்சி: "புள்ளிவிவரங்களின்படி பார்த்தால்"

பார்க்கவில்லை. லூசியனின் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மதிப்பெண் போடக் கை வரவில்லை.

2

லூசியன் ஜெர்வேக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்தைந்து வருடமாக அடுத்தவர் வீட்டுச் சாமான்களைச் சுமந்து பிழைத்தவர். மாண்ட்ரியலில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் கடைசியில் முடியும். ஜூலை முதல் தேதி ஊரே வீடு மாறும். டொராண்டோவில் அன்றைக்குக் கனடா தினம், கொடியும் வாணவேடிக்கையும். இங்கே மெத்தையும் இடுப்புவலியும்.

அந்த வருடம் லூசியனும் வீடு மாற வேண்டியிருந்தது. டொராண்டோவில் இருக்கும் மகள் மரீஸ் அவரைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். அதிலும் பத்துத் தலைப்பு. (உலகத்தில் எல்லோருக்கும் பத்துதான் கிடைக்கும் போல.) ஏழில் டொராண்டோ, மூன்றில் மாண்ட்ரியல். லூசியன் மார்ச் மாதமே வீட்டுக்காரருக்கு "காலி செய்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

[இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம். ஜூலை முதல் தேதிக்கு ஊருக்கெல்லாம் லாரி சொல்லி வைத்தவர், தனக்கு ஒன்று சொல்லவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னார். நம்பும்படி எழுத மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் பொய்யாகத்தான் வந்தது. அவர் மறக்கவில்லை.]

3

காலை பதினொரு மணிக்கு, வீட்டு முகப்பில் வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டின் நடுவில் ஃப்ரிட்ஜ் இருந்தது. மேல்முனையில் சுமை தூக்கும் வாரைத் தோளில் மாட்டிய லூசியன். கீழ்முனையில் அவருடைய இருபது வருடக் கூட்டாளி நார்மான். தெருவில் மரீஸ், அப்பாவை அழைத்துப்போகக் காரோடு. வீட்டுக்குப் புதிதாகக் குடிவரும் கெய்ட்லின் அப்போதுதான் வந்து இறங்கினாள். கையில் பாலும் மீனும் நிறைந்த பை. வாயில் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு.

"அதை எங்க கொண்டு போறீங்க? வீட்டோடது இல்லையா?"

நார்மான் தலையை மட்டும் திருப்பினான். "டொராண்டோவாம்மா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"ஃப்ரிட்ஜ் சுவத்துல தானா முளைக்கும்னு அங்கதான் நினைப்பாங்க."

அங்கே ஃப்ரிட்ஜும் அடுப்பும் வீட்டோடு வரும். இங்கே பெரும்பாலும் குடியிருப்பவர்தான் வாங்கி, வீட்டுக்கு வீடு சுமந்துகொண்டு திரிவார். யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் வைத்திருந்த பட்டியலிலும் அது இல்லை. ஆமாம், அவளிடமும் ஒன்று இருந்தது. அதில் மாண்ட்ரியல்தான் ஜெயித்திருந்தது.

"அப்போ எனக்கு வித்துடுங்களேன்."

"குடுத்துடுப்பா," என்றாள் மரீஸ் கீழிருந்து. "நம்ம வீட்டுக் கீழ்த்தளத்துல புதுசு ஒண்ணு இருக்கு. உனக்குன்னு வாங்கினது. இத வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"என் தங்கச்சி வீட்ல கீழ்ப்பகுதி காலியாத்தான் இருக்கு," என்றான் நார்மான், யாரையும் பார்க்காமல். "ரெண்டு தெரு தள்ளி. அங்க ஃப்ரிட்ஜ் இல்ல."

மரீஸ் அவனை முறைத்தாள். "உன்னக் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. ஃப்ரிட்ஜ் என் நெஞ்சுமேல உக்காந்திருக்கு, அதான் பேசறேன்."

லூசியன் மேலே நகரவுமில்லை, கீழே இறங்கவுமில்லை. "மரீஸ். உன் பட்டியல்ல ஆறாவது என்ன?"

"ஞாபகம் இல்லப்பா."

"மொழி. டொராண்டோவுக்குப் பத்துக்கு அஞ்சு போட்டிருக்க. எனக்கு அந்த ஊர்ல பேச்சே கிடையாது. கடைக்காரன்கிட்ட விரலைக் காட்டி வாங்கணும். அதுக்கு அஞ்சா?"

"அங்கயும் பிரெஞ்சு பேசறவங்க இருக்காங்க."

"உன் பொண்ணு பேசறாளா?"

மரீஸ் கார்ச் சாவியைக் கைமாற்றினாள். பிறகு சத்தத்தைக் குறைத்துச் சொன்னாள்: "இல்ல. நானும் அவகிட்ட இங்கிலீஷ்லதான் பேசறேன். என் புருஷனுக்கும் அதான் வருது, வீட்ல அதுவே ஆகிப்போச்சு. அதுக்குத்தான் உன்னக் கூப்பிடறேன்."

"அதை ஏன் பட்டியல்ல போடல?"

"அதுக்கு எப்படிப்பா மார்க் போடறது?"



4

முடிவு, முதல் வடிவம்: லூசியன் ஃப்ரிட்ஜை இறக்கி நார்மானின் தங்கை வீட்டுக்குக் கொண்டு போகிறார். மாண்ட்ரியல்காரர்கள் கைதட்டுவார்கள். டொராண்டோவில் ஒரு குழந்தை தாத்தாவைத் தொலைபேசியில் பார்த்து, ஒரு வார்த்தையும் புரியாமல் கையாட்டும். கிழித்தேன்.

இரண்டாவது: ஃப்ரிட்ஜ் மறுபடி மேலே ஏறுகிறது. கெய்ட்லின் பாலை உள்ளே வைக்கிறாள். லூசியன் காரில் ஏறுகிறார். குடும்பப் பத்திரிகைகள் கண்ணீரோடு வெளியிடும். அவர் மீதி வருடங்களை, பேச மகளை விட்டால் ஒரு பேத்தி மட்டும் இருக்கும் ஊரில், அவளுக்கும் பிரெஞ்சு வரும்வரை காத்துக்கொண்டு, கழிப்பா—

இதையும் கிழித்தேன்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நான் அடுத்த வீட்டில் இருந்தேன். கூப்பிட்டார்கள், போய் ஒரு மூலையைப் பிடித்தேன். ஆனால் சொல்லமாட்டேன். சொன்ன மறுநிமிடம் அதை மதிப்பெண்ணாக மாற்றிவிடுவீர்கள். அவர் தங்கினார், ஆகவே மாண்ட்ரியல். அவர் போனார், ஆகவே டொராண்டோ. அந்தக் கிழவரின் முதுகை உங்கள் பதினோராவது தலைப்பாக்க நான் ஆள் இல்லை. இணையதளத்துக்கு இதையேதான் அனுப்பினேன். வெற்றி பெற்ற ஊர் எது என்று பதில் வந்தது. நான் திரும்ப எழுதவில்லை.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் எழுந்து வாருங்கள். நார்மானை அனுப்பிவிட்டேன், பாவம், மூச்சு வாங்கிவிட்டது. அவனிடத்தில் நீங்கள் நில்லுங்கள். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி. கனக்கிறதா? இத்தனை நேரம் எல்லோரும் இதைத்தான் காகிதத்தில் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேல்முனையில் லூசியன் வாரைத் தோளில் சரிசெய்துகொள்கிறார்.

"மூணு சொன்னதும் தூக்கு," என்கிறார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

"ஒண்ணு. ரெண்டு."